யூத மதம் எப்போது தொடங்கியது? அதில் நம்பியே ஆக வேண்டியது எது?

மருதநிலவன்:

அனைவருக்கும் வணக்கம். போட்டித் தேர்வுக் கையேடுகளில் உலக மதங்களுக்கென்று ஓர் அட்டவணை இருக்கும்: மதம், நிறுவியவர், புனித நூல், வழிபாட்டிடம். யூத மதத்தின் நிறுவனராக ஒரு கையேடு ஆபிரகாமைச் சொல்கிறது, இன்னொன்று மோசேயைச் சொல்கிறது. விடைக்குறிப்பு எதுவாக இருந்தாலும் எனக்குக் கவலையில்லை. வரலாற்றின்படி எது சரி என்பதே என் முதல் கேள்வி. இரண்டாவது கேள்வி: கிறித்தவர்களுக்கு விசுவாசப் பிரமாணமும் இஸ்லாமியர்களுக்குக் கலிமாவும் இருப்பதைப் போல, ஒரு யூதர் இன்னின்னவற்றை நம்பியே ஆக வேண்டும் என்று வரையறுத்த வாசகம் ஏதேனும் உண்டா? நூல்களைப் படித்தவர்கள் விரிவாக எழுதினால் மகிழ்வேன்.

கல்லேடு:

அந்த அட்டவணையில் "நிறுவியவர்" என்ற கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவதுதான் நேர்மை என்று நான் கருதுகிறேன். யூத மரபு ஆபிரகாமைத் தந்தை என்றும் மோசேயை ஆசான் என்றும் போற்றுகிறது. ஆயினும் இவ்விருவரையும் குறிப்பிடும் சமகாலச் சான்று எதுவும் விவிலியத்திற்கு வெளியே கிடைத்ததில்லை. எகிப்திலிருந்து சிறுவர்களைத் தவிர்த்து ஆறு இலட்சம் ஆண்கள் வெளியேறினார்கள் என்று யாத்திராகமம் சொல்கிறது. அத்தனை பெரிய கூட்டம் சீனாய் வனாந்தரத்தில் ஒரு தலைமுறைக் காலம் அலைந்ததற்கான தடயம் எதையும் அகழாய்வாளர்கள் காணவில்லை.

கிடைத்திருப்பவை வேறு வகைச் சான்றுகள். எகிப்திய மன்னன் மெர்னெப்தாவின் வெற்றிக் கல்வெட்டு ஏறக்குறைய கி.மு. 1208ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதை 1896இல் தீப்ஸ் நகரில் பிளிண்டர்ஸ் பெட்ரி கண்டெடுத்தார். கானானில் தான் வென்றவர்களின் வரிசையில் மெர்னெப்தா இஸ்ரவேலையும் சேர்த்திருக்கிறான். அதன் வித்தே இல்லாமல் போயிற்று என்றும் பெருமையடித்துக்கொள்கிறான். பக்கத்திலுள்ள ஊர்ப்பெயர்களுக்கெல்லாம் நிலப்பகுதிக்குரிய குறியீட்டை இட்ட எழுத்தர், இஸ்ரவேலுக்கு மட்டும் மக்கள் கூட்டத்திற்குரிய குறியீட்டை இட்டிருக்கிறார். அதே காலத்தையொட்டிக் கானானின் மத்திய மலைநாட்டில் நூற்றுக்கணக்கான சிற்றூர்கள் புதிதாகத் தோன்றுகின்றன. அவற்றின் மட்பாண்டங்கள் கானானிய மட்பாண்டங்களின் தொடர்ச்சியாகவே இருக்கின்றன. பன்றி எலும்புகளோ மிக அரிதாகவே கிடைக்கின்றன. ஆகவே இஸ்ரவேலரில் பெரும்பகுதியினர் வெளியிலிருந்து படையெடுத்து வந்தவர்கள் அல்லர், கானானிய மண்ணிலேயே உருவானவர்கள் என்பது இன்று பல ஆய்வாளர்களின் கருத்து. எகிப்திலிருந்து தப்பி வந்த ஒரு சிறு கூட்டத்தின் நினைவு பின்னாளில் அனைவருக்கும் பொதுவான வரலாறாக விரிந்திருக்கக்கூடும் என்ற ஊகமும் உண்டு.

ஒரே கடவுள் என்ற நம்பிக்கையும் தொடக்கத்திலேயே முழுமையாக இருந்ததாகத் தெரியவில்லை. சீனாய்த் தீபகற்பத்தின் வடகிழக்கில் குந்தில்லெத் அஜ்ருத் என்ற இடத்தில் 1970களில் கிடைத்த பெரிய தாழிகளில், ஏறக்குறைய கி.மு. 800ஆம் ஆண்டைச் சேர்ந்த வாழ்த்து வாசகங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றில் ஒன்று "சமாரியாவின் யாவேயாலும் அவருடைய அசேராவாலும்" ஆசி கூறுகிறது. யாவே என்பது இஸ்ரவேலரின் கடவுளின் பெயர். அசேரா என்பது இங்கே ஒரு பெண் தெய்வமா, அத்தெய்வத்தைக் குறிக்கும் மரக்கம்பமா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. எப்படியிருந்தாலும், யாவேயைத் தனித்து வணங்க வேண்டும் என்று தீர்க்கதரிசிகள் ஏன் அவ்வளவு சினத்துடன் முழங்கினார்கள் என்பது இந்தத் தாழிகளைப் பார்த்தால் புரியும். எல்லாரும் ஏற்கெனவே அப்படித்தான் வணங்கிக்கொண்டிருந்தார்கள் என்றால் முழங்க வேண்டிய தேவையே இருந்திருக்காது.

ஒலிவமரம்:

நண்பர் கல்லேடு அவர்களின் சான்றுகளை நான் மறுக்கவில்லை. ஆனால் அவற்றிலிருந்து அவர் நகரும் வேகத்தை மறுக்கிறேன். பாலைவனத்தில் கூடாரமடித்து வாழ்ந்தவர்கள் மூவாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் தோண்டியெடுக்கத்தக்க தடயத்தை விட்டுச் செல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா? மேலும், பழைய நூல்கள் எல்லாம் மிகப் பிற்காலத்தில் புனையப்பட்டவை என்ற பேச்சுக்கும் ஓர் எல்லை உண்டு. எருசலேமின் ஹின்னோம் பள்ளத்தாக்கின் விளிம்பிலுள்ள ஒரு கல்லறைக் குகையில், 1979இல் காப்ரியேல் பர்க்காய் தலைமையிலான குழுவினர் இரண்டு சிறிய வெள்ளிச் சுருள்களைக் கண்டெடுத்தனர். "கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து உன்னைக் காக்கக்கடவர்" என்று எண்ணாகமம் ஆறாம் அதிகாரத்தில் வரும் ஆசாரியர்களின் ஆசிமொழி ஏறத்தாழ அதே சொற்களில் அவற்றில் கீறப்பட்டிருக்கிறது. அவை கி.மு. ஏழாம் நூற்றாண்டின் இறுதியையோ ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தையோ சேர்ந்தவை. கி.மு. 586இல் பாபிலோனியர் எருசலேம் ஆலயத்தை இடிப்பதற்கு முன்பே இந்தச் சொற்கள் மக்களின் கழுத்தில் தாயத்தாகத் தொங்கின என்றால், மரபின் வேர் பாபிலோனுக்கு முந்தியது என்றுதானே கொள்ள வேண்டும்?

கல்லேடு:

ஐயா, வேர் முந்தியது என்பதில் நமக்குள் கருத்து வேற்றுமையே இல்லை. தீர்க்கதரிசிகளான ஆமோசும் ஓசியாவும் கி.மு. எட்டாம் நூற்றாண்டிலேயே பேசியவர்கள். மோவாப் மன்னன் மேசாவின் ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்வெட்டும் யாவேயை இஸ்ரவேலரின் கடவுளாகவே குறிப்பிடுகிறது. ஓர் ஆசிமொழி வழக்கில் இருந்ததிலிருந்து ஐந்து ஆகமங்களும் இன்றைய வடிவில் இருந்தன என்று முடிவு கட்ட இயலாது என்பதை மட்டுமே நான் சொல்ல விரும்புகிறேன்.

வைகறை:

இவ்விவாதம் "எப்போது எழுதப்பட்டது" என்பதிலேயே நின்றுவிடாமல் "எப்போது மக்கள் அதன்படி வாழத் தொடங்கினார்கள்" என்பதற்கு நகர வேண்டும். யூத மதம் என்று இன்று நாம் அறிவது முதன்மையாக ஒரு வாழ்முறை. ஓய்வுநாள், உணவு விதிகள், தூய்மை விதிகள், உருவங்களைத் தவிர்த்தல் ஆகியவை இல்லாமல் அதை அடையாளம் காண முடியாது.

கி.மு. 586இல் பாபிலோன் மன்னன் நெபுகத்நேச்சாரின் படை எருசலேமையும் ஆலயத்தையும் அழித்து, மக்களில் ஒரு பகுதியினரைப் பாபிலோனுக்குக் கொண்டுபோனது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே அங்கே சிறைப்பட்டிருந்த அரசன் யோயாக்கீனுக்கும் அவனுடைய ஐந்து புதல்வர்களுக்கும் அளந்து கொடுக்கப்பட்ட எண்ணெயின் கணக்கு, பாபிலோனில் கிடைத்த களிமண் பலகைகளில் பதிவாகியிருக்கிறது. அக்காலத்தில் ஒரு நாடு தோற்றால் அதன் தெய்வமும் தோற்றதாகவே பொருள். அப்படியிருக்க, இந்த மக்கள் தங்கள் கடவுளைக் கைவிடாதது எப்படி? தோல்வியையே அவர்கள் தங்கள் கடவுளின் செயலாக வாசித்தார்கள்: பாபிலோன் வெல்லவில்லை, உடன்படிக்கையை மீறிய தன் மக்களைத் தண்டிக்கக் கடவுள்தான் பாபிலோனைக் கருவியாக்கினார் என்றார்கள். இவ்வாறு வாசித்த கணமே அக்கடவுள் பாபிலோனுக்கும் கடவுளாகிவிடுகிறார். கடவுளின் மகிமை எருசலேம் ஆலயத்தை விட்டு வெளியேறுவதை எசேக்கியேல் தரிசனமாகக் கண்டதும், பாரசீக மன்னன் கோரேசைக் கடவுளால் அபிஷேகம் செய்யப்பட்டவன் என்று ஏசாயா நூலின் 45ஆம் அதிகாரம் அழைப்பதும் இந்தச் சிந்தனையின் விளைவுகளே. என்னைத் தவிர வேறொருவரும் இல்லை, ஒளியைப் படைத்தவரும் இருளைப் படைத்தவரும் நானே என்று கடவுள் அங்கே அறிவிக்கிறார். அதற்கு முன் இவ்வளவு திட்டவட்டமாக ஒருவரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

ஆனால் சிந்தனை ஒரு பக்கம், நடைமுறை இன்னொரு பக்கம். கோரேசு கி.மு. 539இல் பாபிலோனைப் பிடித்த பின் ஒரு பகுதியினர் ஊர் திரும்பினார்கள், ஏறக்குறைய கி.மு. 515இல் இரண்டாம் ஆலயம் கட்டி முடிக்கப்பட்டது. பிறகு எஸ்றா தண்ணீர் வாசலுக்கு முன்பாக, மோசேயின் சட்டமான தோராவை மக்களுக்கு வாசித்துக் காட்டினார் என்று நெகேமியா நூல் கூறுகிறது. எகிப்தின் எலிபன்டைன் தீவில் பாரசீகப் படையில் பணியாற்றிய யூதர்கள் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் எழுதிய அரமேய மொழிப் பாப்பிரசு ஏடுகளோ வேறொரு காட்சியைத் தருகின்றன. அவர்களுக்கென்று அங்கே யாகு என்ற பெயரில் தங்கள் கடவுளுக்கு ஓர் ஆலயம் இருந்தது. எருசலேமைத் தவிர வேறெங்கும் பலியிடக் கூடாது என்ற உபாகமத்தின் விதியை அவர்கள் அறிந்ததாகவே தெரியவில்லை. கி.மு. 410இல் அவ்வாலயம் இடிக்கப்பட்டபோது, அதைத் திரும்பக் கட்ட உதவுமாறு யூதாவின் ஆளுநருக்கே அவர்கள் விண்ணப்பம் எழுதினார்கள். அவர்களுடைய காணிக்கைப் பட்டியல் ஒன்றில் யாகுவுடன் அனாத்-பெத்தேல் என்ற தெய்வத்திற்கும் தொகை ஒதுக்கப்பட்டிருக்கிறது!

எருசலேமைச் சுற்றிய பகுதியிலும் கி.மு. நான்காம் நூற்றாண்டின் வெள்ளிக் காசுகளில் ஆந்தையும் மனிதத் தலையும் பொறிக்கப்பட்டிருந்தன. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க ஆட்சிக்கு எதிராக எழுந்த மக்கபேயர் கிளர்ச்சிக்குப் பின் வந்த ஹஸ்மோனிய மன்னர்களின் காசுகளில் மனித உருவமும் இல்லை, விலங்கு உருவமும் இல்லை. நீரில் மூழ்கித் தூய்மை பெறுவதற்கான படிக்கட்டுக் குளங்களும் அந்த மன்னர்களின் காலத்திலிருந்துதான் யூதேயா முழுவதும் தென்படத் தொடங்குகின்றன. எனவே தோரா பொதுமக்களின் அன்றாடச் சட்டமானது ஹஸ்மோனியர் காலத்தில்தான் என்று வாதிடும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அக்கருத்தை நான் முழுமையாக ஏற்கவில்லை. ஓய்வுநாளைக் கடைப்பிடிப்பதைப் போன்ற ஒரு பழக்கம் மண்ணில் எந்தத் தடயத்தையும் விட்டுச் செல்லாது. ஆயினும் அட்டவணைக்காரர்கள் கி.மு. 2000 என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுவதைவிட இது உண்மைக்கு அருகில் இருக்கிறது.

மருதநிலவன்:

மிக்க நன்றி. இரண்டாவது கேள்வியை எவரும் இன்னும் தொடவில்லை.

பனையோலை:

அதை நான் எடுத்துக்கொள்கிறேன். முதலில் ஆலயம் பற்றிய ஒரு செய்தி. எருசலேமில் 1913இல் கண்டெடுக்கப்பட்ட தியோடோட்டஸ் கல்வெட்டு, கிரேக்க மொழியில், கி.பி. 70க்கு முன் பொறிக்கப்பட்டது. தான் கட்டிய தொழுகைக்கூடம் சட்டத்தை வாசிப்பதற்கும் கட்டளைகளைக் கற்பிப்பதற்கும் உரியது என்று தியோடோட்டஸ் அதில் அறிவிக்கிறார். அயலூரிலிருந்து வருவோர்க்கு விடுதியும் தண்ணீர் வசதியும் செய்திருப்பதாகவும் சொல்கிறார். ஆலயம் நின்றுகொண்டிருந்த காலத்திலேயே வாசிப்புக்கும் கற்பித்தலுக்குமான இடங்கள் ஆயத்தமாக இருந்தன. அதனால்தான் கி.பி. 70இல் ரோமானியத் தளபதி தீத்துவின் படை ஆலயத்தை எரித்தபோது மதமும் அதனுடன் எரிந்துபோகவில்லை. முற்றுகையிடப்பட்ட நகரிலிருந்து யோகனான் பென் சக்காய் ஒரு சவப்பெட்டியில் ஒளிந்து வெளியேறி, யாவ்னே என்ற ஊரையும் அதன் அறிஞர்களையும் விட்டுவைக்குமாறு ரோமானியரிடம் கேட்டுப் பெற்றார் என்று, யூதச் சட்ட அறிஞர்களின் விவாதத் தொகுப்பான தல்மூத் சொல்கிறது. கதையின் உண்மை எப்படியோ, பலியின் இடத்தைக் கல்வியும் தொழுகையும் அறச்செயலும் பிடித்துக்கொண்டது உண்மை. ஏறக்குறைய கி.பி. 200இல் யூதா ஹ-நாசி தொகுத்த வாய்மொழிச் சட்ட நூலான மிஷ்னாவும், அதன்மேல் எழுந்த இரண்டு தல்மூத்துகளும் அந்த மாற்றத்தின் ஆவணங்கள்.

இந்த நூல்கள் எவற்றிலும் விசுவாசப் பிரமாணம் இல்லை. உபாகமம் ஆறாம் அதிகாரத்தின் "இஸ்ரவேலே, கேள்" என்று தொடங்கும் ஷெமாவைக் காலையும் மாலையும் ஓத வேண்டும் என்பது கட்டளை. கடவுள் ஒருவரே என்ற அறிவிப்பும் அவரை முழு உள்ளத்தோடு நேசிக்க வேண்டும் என்ற ஆணையும் அதில் அடங்கியிருக்கின்றன. கலிமாவுக்கு மிக நெருக்கமாக வருவது இதுதான். மிஷ்னாவின் சன்ஹெத்ரின் பகுதி, மறுமையில் பங்கில்லாதவர்கள் என்று சிலரைக் குறிப்பிடுகிறது: உயிர்த்தெழுதல் தோராவில் இல்லை என்போர், தோரா வானத்திலிருந்து வரவில்லை என்போர், எப்பிக்கூரியர் எனப்படும் மத மறுப்பாளர். விலக்கப்பட்டவர்களைச் சுட்டிக்காட்டும் பட்டியலாக இருக்கிறதே ஒழிய, நம்ப வேண்டியவற்றை வரிசைப்படுத்தும் பட்டியலாக அது இல்லை.

அப்படி வரிசைப்படுத்தியவர்களில் மிகுந்த செல்வாக்குப் பெற்றவர் கொர்தோபாவில் பிறந்து எகிப்தில் 1204இல் மறைந்த யூத அறிஞர் மைமோனிடெஸ். மேற்சொன்ன மிஷ்னாப் பகுதிக்கு அரபு மொழியில் அவர் எழுதிய உரையில் பதின்மூன்று அடிப்படைகளை வகுத்தார். கடவுள் இருக்கிறார், அவர் ஒருவரே, அவருக்கு உடல் இல்லை, அவரே ஆதி, அவர் மட்டுமே வணக்கத்திற்கு உரியவர் என்பவை முதல் ஐந்து. தீர்க்கதரிசனம், மோசேயின் தலைமை, தோராவின் தெய்விக மூலம், அதன் மாறாமை ஆகியவை அடுத்த நான்கு. கடவுளின் அறிவு, பலனும் தண்டனையும், மேசியாவின் வருகை, மரித்தோரின் உயிர்த்தெழுதல் ஆகியவை எஞ்சியவை. இவற்றைப் பாடலாக்கிய யிக்தால் இன்றும் பல தொழுகைக்கூடங்களில் பாடப்படுகிறது.

பலரும் இத்துடன் நிறுத்திவிடுவார்கள். சுவையானதோ இதற்குப் பிறகு நடந்தது. கடவுளுக்கு உடல் உண்டு என்பவன் மதவிரோதி என்று மைமோனிடெஸ் பின்னர் தம் சட்டத் தொகுப்பில் எழுதியபோது, அவரினும் மேலானவர்கள் சிலர் அப்படி எண்ணியிருக்கிறார்களே, அவர்களை எப்படி மதவிரோதி என்பது என்று தென்பிரான்சின் ஆபிரகாம் பென் தாவீது ஓரக்குறிப்பில் சீறினார். யோசேப்பு அல்போ பதின்மூன்றை மூன்றாகக் குறைத்தார். ஐசக் அப்ரவனேலோ, தோராவின் ஒவ்வொரு சொல்லும் அடிப்படையே, சிலவற்றை மட்டும் தனியே எடுத்து அடிப்படை என்பதே பொருந்தாது என்ற முடிவுக்கு வந்தார். மோசஸ் மெண்டல்சன் 1783இல், சீனாயில் அருளப்பட்டது சட்டமே, கோட்பாடு அன்று என்று வாதிட்டார். ஆக, எதை நம்ப வேண்டும் என்ற கேள்விக்கு யூதர்களிடையே எட்டு நூற்றாண்டுகளாக விவாதம் நடக்கிறது. ஓய்வுநாளில் தீ மூட்டக் கூடாது என்பதில் சட்டத்தைக் கடைப்பிடிப்போர் எவருக்கும் ஐயமே இல்லை.

ஒலிவமரம்:

விளக்கத்திற்கு நன்றி. எங்கள் தேவாலயப் பிரசங்கங்களில் யூத மதத்தைக் "கிரியைகளின் மதம்" என்று ஒரே சொற்றொடரில் முடித்துவிடுவார்கள். பிறவிப் பாவம், நரகம், மேசியா ஆகியவற்றில் அவர்களின் நிலை என்ன என்று எழுத முடியுமா?

பனையோலை:

பிறவிப் பாவம் என்ற கோட்பாட்டை யூத மரபு ஏற்கவில்லை. மனிதனுக்குள் தீய நாட்டமும் நல்ல நாட்டமும் இருக்கின்றன, மனந்திரும்புதலின் கதவு எப்போதும் திறந்திருக்கிறது என்பதே யூத மத ஆசான்களான ரப்பிகளின் போதனை. மனந்திரும்புவது எளிது என்று எண்ணிவிடாதீர்கள். பாவநிவாரண நாளான யோம் கிப்பூர், கடவுளுக்கு எதிரான குற்றத்தை நீக்கும், சக மனிதனுக்கு எதிரான குற்றத்தை அவனை நேரில் சமாதானப்படுத்தும் வரை நீக்காது என்று மிஷ்னா விதிக்கிறது. பிரசங்கிகள் இந்த விதியைப் படித்தால் அந்த ஒற்றைச் சொற்றொடரை மறுபரிசீலனை செய்வார்கள் என்று நினைக்கிறேன்.

எபிரேய விவிலியத்தின் பெரும்பகுதியில் மரித்தோர் அனைவரும் செல்லுமிடம் நிழல் படிந்த ஷேயோல்தான். உயிர்த்தெழுதல் தெளிவாகப் பேசப்படுவது தானியேல் நூலின் 12ஆம் அதிகாரத்தில். இரண்டாம் ஆலயக் காலத்து யூதப் பிரிவினருள் அதைப் பரிசேயர் ஏற்றனர், சதுசேயர் மறுத்தனர். பின்வந்த ரப்பிகள் பரிசேயரின் வழி நின்றனர். தீயோர்க்கான தண்டனை பன்னிரண்டு மாதம் என்று மிஷ்னாவில் ஒரு கருத்து உண்டு. மறைந்த பெற்றோருக்காகப் பிள்ளை ஓதும் கதீஷ் என்ற தொழுகையைப் பதினோரு மாதத்தில் நிறுத்திக்கொள்வது இதனால்தான்: பன்னிரண்டு மாதமும் ஓதினால் தன் தகப்பனைத் தீயோன் என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும். மேசியா என்பவர் தாவீதின் வழிவந்த மனித அரசர்; அவர் மக்களை ஒன்றுகூட்டி ஆலயத்தைக் கட்டுவார் என்பது மைமோனிடெஸின் விளக்கம். உலகின் இயற்கை நியதி அப்போதும் மாறாது என்றும் அவர் எழுதியிருக்கிறார்.

நெய்தல்:

தெரிந்தெடுக்கப்பட்ட இனம் என்ற கோட்பாட்டை அனைவரும் கவனமாகத் தவிர்க்கிறீர்கள். பிறப்பால் உயர்வு கற்பிப்பது எங்கே நிகழ்ந்தாலும் கண்டிக்கத்தக்கதல்லவா?

வைகறை:

கேள்வி நியாயமானது. மறைப்பதற்கு ஒன்றுமில்லை. இம்மரபுக்குள் பிறப்பின் மேன்மையைப் பேசியவர்கள் உண்டு; யூத ஆன்மாவுக்குத் தனிச்சிறப்பு உண்டு என்று கருதிய யூதா ஹலேவி அவர்களில் ஒருவர். அதே மரபின் மூல நூலிலோ ஆமோசு, பூமியின் குடும்பங்களில் உங்களை மாத்திரம் அறிந்தேன், ஆகவே உங்கள் அக்கிரமங்கள் எல்லாவற்றுக்காகவும் உங்களைத் தண்டிப்பேன் என்று கடவுளின் வாக்காகச் சொல்கிறார். தெரிந்தெடுப்பு இங்கே கூடுதல் கடமை. 613 கட்டளைகளின் சுமை யூதருக்கு, நோவாவின் வழிவந்த ஏனையோர்க்கு ஏழு மட்டுமே. பிற இனத்து நல்லோர்க்கும் மறுமையில் பங்குண்டு என்ற ரப்பி யோசுவாவின் கருத்தே மரபில் நிலைபெற்றது. பிறப்பு மட்டுமே வாசல் என்றால் மோவாபியப் பெண்ணான ரூத் தாவீதின் கொள்ளுப்பாட்டியின் இடத்திற்கு வந்திருக்கவும் முடியாது.

கல்லேடு:

நம் கரைக்கு அருகிலிருந்து ஒரு குறிப்பு. ஏறக்குறைய கி.பி. 1000இல் சேர மன்னன் பாஸ்கர ரவி, யோசேப்பு ரப்பான் என்ற யூத வணிகருக்கு அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் உரிமையையும் எழுபத்திரண்டு உரிமைகளையும் வழங்கிய செப்பேடு, வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டு இன்றும் கொச்சியில் பேணப்படுகிறது. அதில் மதச் செய்தி எதுவும் இல்லை. ஆனால் இந்திய யூதர்கள் ஓய்வுநாளையும் விருத்தசேதனத்தையும் தவிர மதத்தில் வேறொன்றும் அறியாதவர்கள் என்று மைமோனிடெஸ் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பயணம் செய்த துதேலாவின் பெஞ்சமின், கொல்லத்து யூதர்களிடம் மோசேயின் தோராவும் தீர்க்கதரிசிகளின் நூல்களும் உண்டு, தல்மூத்தும் சிறிதளவு தெரியும் என்கிறார். இருவரில் எவரும் அவர்களை யூதர்கள் அல்லர் என்று சொல்லவில்லை.

பனையோலை:

மருதநிலவன் அவர்களின் கேள்விக்கு நேரடியான விடை, மதம் மாறி வருபவரை எப்படிச் சோதிக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. தல்மூத்தின் யெவாமோத் பகுதி அந்த உரையாடலைப் பதிவு செய்திருக்கிறது. "என்ன கண்டு இங்கே வந்தாய்? இஸ்ரவேலர் இக்காலத்தில் துன்புற்று அலைக்கழிக்கப்படுவதை நீ அறியாயா?" என்று முதலில் கேட்க வேண்டும். "அறிவேன், அதற்கும் நான் தகுதியற்றவன்" என்று அவர் விடையளித்தால் உடனே ஏற்க வேண்டும். பின்னர் எளிய கட்டளைகள் சிலவும் கடினமான கட்டளைகள் சிலவும் சொல்லித்தர வேண்டும். அறுவடையில் சிந்திய கதிரையும் வயலின் ஓரத்தையும் ஏழைகளுக்கு விட வேண்டும் என்பதைச் சொல்லாமல் விடலாகாது. நம்பிக்கை குறித்து அங்கே ஒரு கேள்வியும் கேட்கப்படுவதில்லை. பல நூற்றாண்டுகள் கழித்து இதே நடைமுறையைத் தம் சட்டத் தொகுப்பில் எடுத்தெழுதிய மைமோனிடெஸ், கட்டளைகளுக்கு முன்பாக ஒரு வரியைத் தாமாகச் சேர்த்தார்: கடவுள் ஒருவரே என்பதையும் உருவ வழிபாடு கூடாது என்பதையும் அவருக்கு விரிவாக எடுத்துரைக்க வேண்டும்.